பட்டிப்பொலையின் நீளக்கால் ஈ

நீளக்கால் ஈ பார்வைக்குப் பெரிய கொசு, ஆனால் கடிக்காது. இரத்தம் உறிஞ்சும் வாய் அதற்கு இல்லை. மழை நாட்களில் மலைநாட்டு வீடுகளின் விளக்கடிச் சுவரில் வந்து ஒட்டிக்கொள்ளும். தொட்டால் ஒரு காலைக் கையில் விட்டுவிட்டுத் தள்ளாடிப் பறந்துபோகும். காலை உதறுவது அதற்கு உயிர் தப்பும் வழி. சேகரிப்பவருக்கோ அதுவே முதல் தலைவலி. காலின் நிற வளையங்களும் முட்களும் இனத்தை அறிய உதவும் அடையாளங்களில் சேர்ந்தவை. உலகில் இதுவரை விவரிக்கப்பட்ட நீளக்கால் ஈ இனங்கள் 15 ஆயிரத்துக்கும் மேல். ஈ, கொசு அனைத்தும் அடங்கிய இருசிறகிகள் வருணத்தில் விவரிக்கப்பட்டவை சுமார் 1 இலட்சத்து 60 ஆயிரம். இந்த வருணத்துப் பூச்சிகளுக்குப் பறக்கும் சிறகு ஒரே ஒரு சோடிதான். பின்சிறகு இருக்க வேண்டிய இடத்தில் காம்பும் குமிழுமாக இரண்டு உறுப்புகள் உண்டு. பறக்கும்போது உடல் சாயாமல் பார்த்துக்கொள்வது அவற்றின் வேலை. நீளக்கால் ஈயில் இந்தக் குமிழ்கள் மறைப்பில்லாமல் வெளியே தெரியும். முதுகின் குறுக்கே ஆங்கில ‘வி’ எழுத்தின் வடிவில் ஒரு மடிப்பும் இருக்கும். இவ்விரண்டையும் பார்த்துவிட்டால் கொசுவோடு குழப்பிக்கொள்ள இடமில்லை.

இத்தகைய ஈ ஒன்றைப் புதிய இனம் என்று சொல்வது, அதைப் பிடித்தவர் முன்பு அதைக் கண்டதில்லை என்பதால் அல்ல. ஊரார் எல்லாரும் நாள்தோறும் பார்க்கும் பூச்சிகூடப் புதிய இனமாக இருக்கலாம். இதுவரை அச்சான எந்த விவரிப்புக்கும் அது பொருந்தவில்லை என்பதே இங்கு புதுமை. ஆகவே புதுமையை நிறுவ வேண்டுமானால், இருக்கிற விவரிப்புகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விலக்கிக் காட்ட வேண்டும். பூச்சி மலையில் கிடைத்துவிடும். புதிய இனம் கிடைப்பது மேசையில்தான். மலைநாட்டு ஈயைப் பொறுத்தவரை அந்த மேசையில் இருக்க வேண்டிய பொருட்களில் பாதி கடல் கடந்த ஊர்களில் இருக்கின்றன.

பட்டிப்பொல இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம் உள்ள ஊர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,890 மீட்டர். கோச்சி நானுஓயாவையும் அம்பேவெலவையும் கடந்து இங்கு ஏறி, சற்றுத் தூரத்தில் பாதையின் உச்சியைத் தொட்டு, ஒஹியப் பக்கம் இறங்கத் தொடங்கும். உச்சியை அடுத்த சுரங்கத்தின் ஒரு வாயில் மழையும் மறு வாயில் வெயிலுமாக இருப்பதைப் பயணிகள் பார்த்திருப்பார்கள். தேயிலை பெரும்பாலும் கீழேயே நின்றுவிடுகிறது. இங்கே லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு, கோவா. அப்பால் மாட்டுப் பண்ணைகளின் புல்வெளி. அதற்கு மேல் ஹோட்டன் சமவெளியின் காடு. 1969இல் சரணாலயமாகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட சமவெளி அது. 3,160 ஹெக்டயர் பரப்பு. 2010இல் மத்திய மலைநாடு உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தபோது அதன் ஒரு பகுதியாயிற்று. மரங்களில் பாசி தொங்கும், மண் எந்நேரமும் நனைந்திருக்கும் அந்தக் காட்டின் ஓரத்தில் நீளக்கால் ஈக்களின் குடம்பிகளுக்கு வேண்டியதெல்லாம் உண்டு. சில இனங்களின் குடம்பி ஓடை மணலிலும், சிலவற்றினுடையது பாசியிலும், வேறு சிலவற்றினுடையது உளுத்த மரத்திலும் வளரும். ஓர் ஓடையின் இரு கரைகளிலும் ஒரே இனங்கள் கிடைக்காது போவது உண்டு. மரக்கறிப் பாத்திக்கு மருந்தடிக்கும் கரையில், பூச்சி பிடிக்க வைத்த கூடாரத்தில் விழுந்தவை குறைவாகவே இருந்தன.

இந்த மலைகளில் பூச்சி தேடியவர்கள் நூறாண்டுக்கு மேலாக வந்து போயிருக்கிறார்கள். எட்வர்ட் ஏர்னஸ்ட் கிரீன் 1861இல் கொழும்பில் பிறந்தவர். பூண்டுலோயாவில் தேயிலைத் துரையாக இருந்துகொண்டே பூச்சி சேர்த்து, பின்னர் அரச பூச்சியியலாளரானவர். செதிற்பூச்சிகள் அவருடைய துறை. ஆனால் கைக்கு வந்த ஈக்களையும் அவர் விடவில்லை. அவரைப் போன்றவர்கள் அனுப்பிய ஈக்களை உட்கார்ந்து விவரித்தவர்களில் ஒருவர் என்ரிக்கோ புருனெட்டி. தொழிலால் அவர் இசைக்கலைஞர். கல்கத்தாவில் தங்கி ஈக்களை ஆராய்ந்தார். பிரித்தானிய இந்தியாவின் விலங்குகள் பற்றிய நூல் வரிசையில் 1912இல் வெளிவந்த அவருடைய தொகுதிதான் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பொதுவான முதல் பெரிய நீளக்கால் ஈ நூல். 1950களில் சுவிற்சர்லாந்தின் பிரெட் கைசர் மலைநாடெங்கும் ஈ பிடித்தார். அவருடைய தொகுப்பு பாசல் நகர நூதனசாலையில் இருக்கிறது. 1962இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்திலிருந்து பெர் பிரிங்க், ஹியூகோ அன்டர்சன், லெனார்ட் செடர்ஹோம் ஆகியோர் வந்து நாடு முழுவதும் சுற்றினார்கள். அதன் பிறகு அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் கார்ல் குரோம்பைன் நடத்திய நீண்ட திட்டம் வந்தது.

இவர்கள் எடுத்துச் சென்றவை உடனே பெயர் பெற்றுவிடவில்லை. 1962இல் லுண்ட் குழு பிடித்த பழக்கொசுக் குடும்பத்து ஈக்களை ஜப்பானின் ஒகாடா ஆராய்ந்து வெளியிட்டது 1988இல். இடையில் 26 ஆண்டுகள். இது சோம்பலின் கதை அல்ல, உலகெங்கும் உள்ள வழக்கம்தான். பிரான்சின் ஆய்வாளர் சிலர் 2012இல் கணக்கிட்டுப் பார்த்தபோது, ஓர் உயிரினம் முதலில் சேகரிக்கப்பட்ட நாளிலிருந்து அது பெயர் பெறும் நாள் வரை சராசரியாக 21 ஆண்டு செல்வது தெரிந்தது. பிடிப்பவர் பலர், விவரிப்பவர் சிலர் என்பதே காரணம்.

பட்டிப்பொலையில் பயன்பட்ட பொறி ஒரு வலைக்கூடாரம். இதுவும் ஒரு சுவீடன்காரரின் கைவேலை. ரெனே மலேஸ் என்ற பூச்சியியலாளர், தங்கும் கூடாரத்துக்குள் புகுந்த பூச்சிகள் வெளியேற வழி தெரியாமல் மேல்மூலைக்கே ஏறுவதைப் பார்த்தார். அந்த மூலையில் ஓட்டை போட்டுப் போத்தலை மாட்டினால் என்ன என்று யோசித்தார். 1930களில் பர்மாவில் அதைப் பரீட்சித்து, 1937இல் எழுதி வெளியிட்டார். நடுவில் ஒரு கருப்பு வலைச் சுவர், மேலே வெள்ளைக் கூரை, கூரையின் உயர்ந்த முனையில் அற்ககோல் போத்தல். தடுக்கப்பட்ட பூச்சி வெளிச்சத்தை நோக்கி மேலே ஏறும், போத்தலில் விழும். கூடாரம் காற்றுப் போகும் திசைக்குக் குறுக்கே, ஓடையைத் தாண்டி நிற்க வேண்டும். அந்த இடத்தைத் தேர்வதில்தான் பொறியின் வெற்றி இருக்கிறது. வாங்கிய விலையில் அல்ல.

பட்டிப்பொலையில் அது நின்றது லயத்துக்குப் பின்னால், பீலித் தண்ணீர் ஓடையில் சேரும் மடுவில். தண்ணீர் பிடிக்க வந்த பெரியம்மா முதல் நாளே நின்று பார்த்தார்.

“என்னா தம்பி, ஈக்கெல்லாம் மடுவம் கட்டியிருக்கீங்க?”

“ஆமா பெரியம்மா. வாரக் கடைசில நிறுக்கணும்.”

“நிறுத்து? எத்தனை கிலோ வந்தா பேரு போடுவீங்க?”

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வாழ்நாள் முழுவதும் வரிசையில் நின்றவரின் கேள்வி அது. அன்றிலிருந்து கூடாரத்துக்கு ஈ மடுவம் என்றே பெயராயிற்று. போத்தலில் இருந்தது அற்ககோல் என்பது மட்டும் ஊரில் வேறு விதமான ஆர்வத்தைக் கிளப்பியது. நஞ்சு என்று மூன்று மொழியிலும் எழுதிய சீட்டு ஒட்டப்பட்டது. அதற்குப் பிறகும் ஒரு வாரம் மட்டம் பாதியாகக் குறைந்திருந்தது. காற்றில் போனது என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

இத்தகைய சேகரிப்புக்கு அனுமதி வேண்டும். சமவெளிக்குள் ஒரு பூச்சியைத் தொடவும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் எழுத்து இல்லாமல் முடியாது. மாதிரிகளை நாட்டுக்கு வெளியே அனுப்புவதற்கும் கட்டுப்பாடு உண்டு. முன்பு வந்த குழுக்கள் பெட்டி பெட்டியாகக் கொண்டுபோன காலத்தை நினைத்தால் இந்தச் சட்டம் நியாயமானது. ஆனால் ஒப்பிட வேண்டிய பழைய மாதிரிகள் வெளிநாட்டில் இருக்கும்போது, புதிய மாதிரி உள்நாட்டிலேயே நிற்பது வேலையை நீளச் செய்கிறது. இரண்டுமே உண்மை.

வாரப் போத்தலைத் தட்டில் கொட்டினால் முதலில் கண்ணில் படுவது உதிர்ந்த கால்கள்தாம். அந்தக் குவியலிலிருந்து நீளக்கால் ஈக்களை மென்மையான தூரிகையால் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றையும் தனிக் குப்பியில் போட வேண்டும். இரண்டு ஈக்கள் ஒரு குப்பியில் சேர்ந்தால் எந்தக் கால் எதனுடையது என்று பிறகு சொல்ல முடியாது. குப்பிக்குள் பென்சிலால் எழுதிய சீட்டு போகும்: இடம், உயரம், ஓடை, திகதி, பொறியின் வகை, சேகரித்தவர். பேனா மை அற்ககோலில் கரைந்துவிடும். இடமும் திகதியும் எழுதாத ஈ அழகாக இருக்கலாம், அறிவியலுக்குப் பயன்படாது.

நிறமே அடுத்த சிக்கல். அற்ககோல் சில கிழமைகளில் மஞ்சளை வெளிறச் செய்யும், சாம்பல் பூச்சைக் கழுவிவிடும். பழைய விவரிப்புகளோ பெரும்பாலும் கடதாசி மடிப்பில் காய்ந்து வந்த ஈக்களைப் பார்த்து எழுதப்பட்டவை. அவற்றில் “முதுகில் நான்கு பழுப்புக் கோடு, இடையில் சாம்பல் தூள்” என்று நிறமே முதலில் வரும். ஈர மாதிரியில் அந்தத் தூளைத் தேடிப் பயனில்லை. ஆதலால் கூடாரத்தில் விழுவதோடு, கைவலையால் பிடித்துக் கடதாசி முக்கோணத்தில் காயவைத்த சில ஈக்களும் தேவைப்படும். கூடாரம் எண்ணிக்கையைத் தரும். கைவலை நிறத்தைத் தரும்.

பிரித்த ஈயை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்ததும் முதலில் பார்ப்பது சிறகை. நரம்புகள் எங்கே பிரிகின்றன, எது சிறகோரத்தை எட்டுகிறது, எது பாதியில் மற்றொன்றோடு சேர்கிறது என்பதைக் கொண்டு குடும்பமும் சாதியும் ஏறக்குறையத் தெரிந்துவிடும். பூச்சிச் சிறகு நரம்புகளுக்குப் பொதுப் பெயரிடும் முறையை கொம்ஸ்டொக், நீடம் இருவரும் 1898இல் வகுத்தார்கள். சில திருத்தங்களோடு இன்றும் அதுவே வழக்கு. சிறகு வரைக்கும் வேலை இன்பமானது. ஒரு நாள் மாலைக்குள் பல குப்பிகளில் சாதிப் பெயர் ஏறிவிடும், ஏதோ சாதித்துவிட்ட எண்ணம் வரும்.

சாதியிலிருந்து இனத்துக்கு இறங்கும்போதுதான் வேகம் நின்றுவிடுகிறது. ஒரே சாதியைச் சேர்ந்த ஈக்களுக்குச் சிறகு ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு ஆணின் வயிற்று நுனியில், இணையும்போது பெண்ணைப் பற்றும் உறுப்பில் இருக்கிறது. அதைப் பார்க்க நுனியை வெட்டி எடுத்து, பத்து வீதப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் இட வேண்டும். தசையெல்லாம் கரைந்து தேன் நிற ஓடு மட்டும் மிஞ்சும். கழுவிக் கிளிசரீன் துளியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் கொக்கிகள், பற்கள், மடல்கள், மயிர்த் தூரிகைகள் தெரியும். இரண்டு இனங்களுக்கிடையில் வெளித்தோற்றத்தில் ஒரு வேறுபாடும் தெரியாதபோதும் இங்கே ஒரு கொக்கி நேராகவும் மற்றொன்று வளைந்தும் இருக்கலாம். பூட்டும் சாவியும் பொருந்துவதற்காக இப்படி அமைந்தது என்று பழைய ஆசிரியர்கள் எழுதினார்கள். இன்று அந்த விளக்கத்தை எல்லாரும் ஏற்பதில்லை. வேறுபாடு இருப்பதை மட்டும் எல்லாரும் பயன்படுத்துகிறார்கள்.

பெண் மட்டும் கிடைத்தால் இந்த வழி அடைபட்டுவிடும். பட்டிப்பொலைப் போத்தல்களில் பெண்களே அதிகம் வந்த வாரங்கள் பல.

டி.என்.ஏ. இதற்கு ஒரு மாற்று. இழைமணியிலுள்ள ஒரு மரபணுவின் 658 எழுத்துகள் கொண்ட துண்டைப் படித்து ஒப்பிடும் முறை இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பரவியது. ஒரு காலை மட்டும் கொடுத்தால் போதும் என்பதால் நீளக்கால் ஈக்கு இது மிகவும் பொருத்தம். அந்தக் காலை அது தானாகவே கொடுத்துவிடுகிறது. ஆணையும் பெண்ணையும், குடம்பியையும் வளர்ந்த ஈயையும் இணைக்க இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் 1912இல் பெயரிட்ட மாதிரியின் டி.என்.ஏ. தொகுப்பில் இல்லாவிட்டால், கையிலுள்ள துண்டு எதோடும் பொருந்தவில்லை என்பதற்குப் பொருள் குறைவு. பொருந்தாதது புதியதாகவும் இருக்கலாம், பழையது இன்னும் படிக்கப்படாததாகவும் இருக்கலாம்.

ஆக, ஒப்பீடு மறுபடியும் நூல்களிடமும் மாதிரிகளிடமும் வந்து நிற்கிறது. நீளக்கால் ஈயை எடுத்தால் அதற்குப் பொருள் சார்ல்ஸ் போல் அலெக்சாண்டர் என்ற ஒரே மனிதரிடம் வந்து நிற்பது. 1889இல் பிறந்து 1981இல் மறைந்த இந்த அமெரிக்கர் வாழ்நாளில் 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீளக்கால் ஈ இனங்களை விவரித்தார். இரண்டு மூன்று நாளுக்கு ஒன்று. உலகின் எந்த மலையிலிருந்து யார் அனுப்பினாலும் பெட்டியைத் திறந்து, சிறகையும் காலையும் வயிற்று நுனியையும் கண்ணாடித் தகட்டில் ஏற்றி, சில பத்திகள் எழுதி வெளியிட்டுவிடுவார். தட்டச்சும் கோப்பும் பயணமும் மனைவி மேபலின் துணையோடு நடந்தன. இலங்கையின் நீளக்கால் ஈக்களிலும் பெரும் பங்கு அவர் பெயரிட்டவை. அவருடைய தொகுப்பு இன்று வாஷிங்டனில், ஸ்மித்சோனியன் நிறுவனத்தில்.

அலெக்சாண்டரின் விவரிப்புகள் குறுகியவை. ஒரு சிலவற்றுக்கு ஓர் ஈயே ஆதாரம். சிறகுப் படமும் வயிற்று நுனிப் படமும் இருந்தால் நிம்மதி. படம் இல்லாத பழைய கட்டுரைகளில் “இந்த இனம் அந்த இனத்துக்கு நெருங்கியது, நிறத்தால் வேறுபடும்” என்ற வரியைப் பிடித்துக்கொண்டு அந்த இனத்தின் விவரிப்பைத் தேடிப் போனால், அங்கும் அதே மாதிரி இன்னொரு இனத்துக்குக் கைகாட்டப்பட்டிருக்கும். இப்படிக் கைமாறிக் கைமாறிப் போவதிலேயே பட்டிப்பொலைக் குப்பிகளின் நேரம் பெரும்பாலும் கழிந்தது. நெதர்லாந்தின் பியோத்தர் ஊஸ்டர்புருக் உலகத்து நீளக்கால் ஈக்கள் அனைத்துக்கும் இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்துள்ள பட்டியல் இல்லாவிட்டால், மலைநாட்டில் உட்கார்ந்து இந்த வேலையைத் தொடங்கவே முடியாது. எந்தப் பெயர் எந்த ஆண்டில் எந்தக் கட்டுரையில் வந்தது, எந்த நாட்டில் கிடைத்தது, படம் உண்டா என்பதையெல்லாம் அது சொல்லிவிடும்.

இத்தனை விலக்கலுக்கும் பிறகு ஒன்று மிஞ்சினால் எழுத்துவேலை தொடங்கும். விலங்குகளின் பெயரீட்டை ஆளும் சர்வதேச விதித்தொகுப்பின் நான்காம் பதிப்பு 2000ஆம் ஆண்டு சனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி பெயர் இலத்தீன் எழுத்தில் இரண்டு சொல்லாக இருக்க வேண்டும்; பிற இனங்களிலிருந்து பிரித்துக் காட்டும் விவரிப்பு கூடவே வர வேண்டும்; மூல மாதிரி எது என்று வெளிப்படையாகக் குறிக்க வேண்டும்; அது எந்தத் தொகுப்பில் வைக்கப்படும் என்று சொல்ல வேண்டும். இணைய இதழில் மட்டும் வெளியாவதானால் கட்டுரை ‘சூபாங்க்’ என்ற பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். அந்த வசதி 2012இல் வந்தது. இவற்றில் ஒன்று தவறினாலும் பெயர் பிறக்காததற்குச் சமம், ஈ எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும்.

கட்டுரையின் உடல் வழக்கமான வரிசையில் போகும்: தலை, உணர்கொம்பு, மார்பு, கால், சிறகு, வயிறு, ஆணின் நுனி, பிறகு பெண், அளவுகள், இடம். இதை எழுதுவது கடினமல்ல, பொறுமை போதும். கடினமானது வேறுபாட்டுப் பத்தி. நெருங்கிய இனங்கள் நான்கைந்தைப் பெயர் சொல்லி, இது ஏன் அவற்றில் எதுவும் இல்லை என்று ஐந்தாறு வரியில் காட்டும் பகுதி அது. பின்னால் வருபவர் முதலில் படிப்பதும், பெரும்பாலும் அதை மட்டும் படிப்பதும் அதையே. அந்தப் பத்தி தளர்ந்திருந்தால் மற்றப் பக்கங்கள் எவ்வளவு நிறைவாக இருந்தாலும் காப்பாற்றாது.

பெயர் வைப்பதற்கு விதியில் சுதந்திரம் அதிகம். இடப்பெயரில் வைக்கலாம், கண்டியின் பெயரைத் தாங்கிய ‘கண்டியென்சிஸ்’ என்ற பழ ஈ இருக்கிறது. மனிதர் பெயரில் வைக்கலாம். கிரீனின் பெயரிலும் குரோம்பைனின் பெயரிலும் இலங்கைப் பூச்சிகள் பல உள்ளன. தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வதை விதி தடுக்கவில்லை, துறையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். மலைநாட்டுப் பூச்சிகளின் பெயர்ப் பட்டியலில் துரைமாரும் பேராசிரியர்களும் நிறைந்திருக்கிறார்கள். பொறி கட்டியவர்களும் ஓடையைக் காட்டியவர்களும் நன்றியுரையில்கூட அரிது.

வெளியான பெயர் நிலைக்கும் என்பதற்கும் உறுதி இல்லை. இதற்கு இலங்கை ஈ ஒன்றே பெரிய சான்று. ஆசியப் பழ ஈக்களில் தலையாயது, 1912இல் ஹென்டெல் தைவானிலிருந்து விவரித்த ‘டோர்சாலிஸ்’. மாம்பழத்துக்குள் முட்டையிட்டுப் புழுக்க வைப்பது இதுவே. 1994இல் றிச்சர்ட் ட்றூவும் ஹான்கொக்கும் இதன் உறவுக்கூட்டத்தைப் பிரித்து ஆராய்ந்து பல புதிய இனங்களுக்குப் பெயரிட்டார்கள். கண்டியின் பெயர் தாங்கியதும் அவற்றில் ஒன்று. 2001இல் ட்சுருதாவும் இயன் வைட்டும் இலங்கையிலிருந்து மட்டும் அதே சாதியில் பதினொரு புதிய இனங்களை விவரித்தார்கள். சிறு தீவுக்கு அது பெரிய எண்ணிக்கை.

2003இல் கென்யாவின் கடற்கரைப் பகுதியில் வைத்த பொறிகளில், ஆபிரிக்காவில் முன்பு காணாத ஒரு பழ ஈ விழுந்தது. மார்பின் நிறம் செம்பழுப்பிலிருந்து கறுப்பு வரை மாறுபட்டது. டோர்சாலிஸின் கூட்டம் என்பது தெளிவு, எந்த உறுப்பினர் என்பது தெளிவில்லை. தன்சானியா, உகண்டா, சூடான் என்று அது பரவி, விரைவிலேயே கண்டத்தின் மேற்குக் கரைக்கும் போய்விட்டது. ஒப்பிட்டுப் பார்த்தபோது அதே போன்ற ஈக்கள் இலங்கையிலிருந்து எடுத்த மாதிரிகளில் இருந்தன. 2005இல் ட்றூ, ட்சுருதா, வைட் மூவரும் இலங்கையையும் ஆபிரிக்காவையும் சேர்ந்த புதிய இனம் என்று அதை விவரித்து, படையெடுத்து வருவது என்று பொருள்படும் ‘இன்வேடன்ஸ்’ என்ற பெயரை வைத்தார்கள். இலங்கைத் தோட்டங்களில் பன்னெடுங்காலம் பறந்த ஈ, இன்னொரு கண்டத்தின் மாந்தோப்பைக் கெடுத்த பிறகுதான் தனிப்பெயர் பெற்றது.

அந்தப் பெயருக்குப் பத்து ஆண்டு ஆயுள்கூட இல்லை. ஆண் ஈக்கள் மெதைல் யூஜினோல் என்ற வாசனைப் பொருளுக்கு ஓடி வருவது இன்வேடன்ஸிலும் டோர்சாலிஸிலும் ஒன்றுபோல இருந்தது. பழ ஈயின் ஆண்கள் இப்பொருளுக்கு மயங்குவதை 1915இலேயே பீகாரின் பூசாவில் இருந்த ஹௌலட் எழுதிவிட்டார். இரண்டையும் கூண்டில் சேர்த்தபோது தடையின்றி இணைந்தன, அவற்றின் சந்ததியும் நலமாக இருந்தது. மரபணுவில் கோடு போட முடியவில்லை. மார்பின் நிறம் ஒரே கூட்டத்துக்குள் எல்லாத் தரத்திலும் இருந்தது. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பும் சர்வதேச அணுசக்தி முகவரகமும் ஒருங்கிணைத்த ஆய்வில், இருபது நாடுகளின் ஏறக்குறைய ஐம்பது ஆய்வாளர்கள் சேர்ந்து 2014இல் முடிவை அறிவித்தார்கள்: இன்வேடன்ஸும், 1994இல் பெயர் பெற்ற பப்பாயேயும், பிலிப்பினென்சிஸும் டோர்சாலிஸே. ஆராயப்பட்டவற்றில் கரம்போலே மட்டும் தனி இனமாக நின்றது; கண்டியின் ஈயை இந்த முடிவு தொடவில்லை.

இதன் விளைவு நூலகத்தோடு நிற்கவில்லை. ஒரு நாட்டில் ஒரு பூச்சி இருக்கிறது, மறு நாட்டில் இல்லை என்ற பட்டியலின் மேல்தான் பழ ஏற்றுமதித் தடைகள் எழுதப்படுகின்றன. இரண்டு பெயர் ஒன்றானால் அந்தப் பட்டியல்களும் மாற வேண்டும். மலட்டு ஆண் ஈக்களை விட்டுப் பெருக்கத்தை அடக்கும் முறையில், ஓர் இனத்துக்காக வளர்த்த ஆண்களை மற்ற நாட்டிலும் பயன்படுத்த வழி பிறக்கிறது. 2005இன் மூவரும் கவனக்குறைவாக எழுதினார்கள் என்று இதை வாசிப்பது சரியல்ல. கையிலிருந்த உருவ வேறுபாடுகளை வைத்து ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். வேறு சான்றுகள் சேர்ந்தபோது அது வீழ்ந்தது. எந்தப் புதிய இனத்தின் விவரிப்பும் அவ்வளவே.

பட்டிப்பொலைக் குப்பிகளில் எந்தப் பெயருக்கும் பொருந்தாமல் கடைசி வரை நின்றவை இரண்டு. ஒன்று சிறகில் பழுப்புப் பட்டைகள் கொண்டது. ஆண்கள் பல கிடைத்தன. பட்டைகள் அலெக்சாண்டரின் விவரிப்பில் சொன்னதைவிட அகலம், நடுப்பட்டை சிறகின் விளிம்பைத் தொட்டது. தனி இனம் என்றே முதலில் தோன்றியது. வாரங்கள் செல்லச் செல்ல அதே ஓடையில் ஒடுங்கிய பட்டை கொண்டவையும் இடைப்பட்டவையும் விழுந்தன. வயிற்று நுனியின் கொக்கி எல்லாவற்றிலும் ஒன்றே. பழைய பெயர் சீட்டில் ஏறியது. ஓர் ஓடையில் ஒரு வாரம் மட்டும் பொறி வைத்திருந்தால் ஒரு தேவையற்ற பெயர் கூடியிருக்கும்.

மற்றது பெண் ஒன்று மட்டும். சிறகு நரம்புகளில் ஒன்று, இலங்கையிலிருந்து விவரிக்கப்பட்ட அந்தச் சாதியின் எந்த இனத்திலும் இல்லாத இடத்தில் பிரிந்தது. இரண்டு சிறகிலும் அப்படியே இருந்ததால் ஒரு பூச்சியின் தனிக்குறை என்று தள்ளவும் முடியவில்லை. தண்ணீர் பிடிக்க வந்த பெரியம்மா அதையும் கேட்டார்.

“அப்போ இதுக்குப் பேரு?”

“ஆம்பளை கெடைச்சாத்தான் பெரியம்மா.”

“இங்கேயும் அந்தக் கதைதானா” என்றார் அவர்.

தனிப் பெண் ஈயை வைத்துப் பெயரிடுவதை விதி தடுக்கவில்லை. அலெக்சாண்டரே அப்படிச் செய்திருக்கிறார். ஆனால் அதே சாதியில் ஆணை மட்டும் வைத்து விவரித்த பழைய இனங்கள் உண்டு. இந்தப் பெண் அவற்றில் ஒன்றின் சோடியாக இருக்கலாம். ஒரே ஓடையில் இணையும் நிலையில் ஒரு சோடியைப் பிடிப்பது, அல்லது காலின் டி.என்.ஏ.யை வைத்து ஆணைப் பெண்ணோடு சேர்ப்பது, இரண்டில் ஒன்று நடக்கும் வரை அதன் சீட்டில் சாதிப் பெயரும் அதன் பின் ஓர் எண்ணும் மட்டும் இருக்கும்.